ஸ்கோர் 70 என்றால் எழுபது சதவீத அடைப்பா? இதய சிடி ஸ்கேனை எவ்வளவு நம்பலாம்

தக்கலையில் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்கு 58 வயது. போன வருடம் முழு உடல் பரிசோதனைக்குப் போனார். அந்தப் பேக்கேஜில் இதய சிடி ஸ்கேனும் இருந்தது. சாயங்காலம் எனக்கு ஃபோன் வந்தது. "மக்கா, ஸ்கோர் 70-ன்னு போட்டிருக்கு. அப்போ எழுபது சதவீதம் அடைப்பா? அத்தைகிட்ட இன்னும் சொல்லல." குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த இடத்தில் யாரும் அவரை உட்கார வைத்து அந்த எண் என்னவென்று சொல்லவில்லை.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே அதிகம். நம் ஊரில் ரிப்போர்ட் வாங்கியவர் அதை ஆட்டோவிலேயே பிரித்துப் படித்துவிடுவார். படிப்பது நல்லதுதான். ஆனால் இதய சிடி ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள், பார்த்தால் ஒன்றும் உண்மையில் வேறொன்றுமாக இருப்பவை. மாமாவின் 70 என்பது சதவீதமே இல்லை. அது புள்ளிக்கணக்கு. அது ஆயிரத்தைத் தாண்டியும் போகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "ஹார்ட்டுக்கு சிடி எடுத்தேன்" என்று சொல்பவர்கள் இரண்டு வெவ்வேறு பரிசோதனைகளில் ஏதோ ஒன்றைச் சொல்கிறார்கள். ஒன்று ஊசி இல்லாதது. மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். இது கால்சியம் ஸ்கோர். மற்றொன்று கை நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பது, அதாவது சிடி ஆஞ்சியோ. இயந்திரம் ஒன்றுதான். ஆனால் அவை காட்டுவதும் வேறு, அவற்றை நம்ப வேண்டிய அளவும் வேறு.

கால்சியம் ஸ்கோரை எடுத்துக்கொள்வோம். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களின் சுவருக்குள் கொழுப்பு சேர்கிறது. அது அங்கே வீக்கத்தை உண்டாக்குகிறது, செல்கள் சாகின்றன, உடம்பு அந்தப் புண்ணை ஆற்றப் பார்க்கிறது. அப்படி ஆறும் இடத்தில் வருடக்கணக்கில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. பழைய காயத்தின் தழும்பு மாதிரி. (வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கும், குடிக்கிற பாலுக்கும் இதில் பங்கில்லை. ஸ்கோர் வந்த அன்றே பாலை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.) சிடி இந்தத் தழும்பை மிக நன்றாகப் பார்க்கும். பொருளின் அடர்த்தியை அளக்க சிடியில் ஓர் அலகு உண்டு. சிடி ஸ்கேனைக் கண்டுபிடித்து 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர் அதற்கு. அந்த அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. அமெரிக்க மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990-ல் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார்கள். இதயக் குழாயில் 130-க்கு மேல் அடர்த்தி உள்ள இடமெல்லாம் கால்சியம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புள்ளியின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் அளந்து, அதன் உச்ச அடர்த்தியைப் பொறுத்து 1, 2, 3 அல்லது 4 ஆல் பெருக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் ஸ்கோர். 10 சதுர மில்லிமீட்டர் பரப்பும் 250 அடர்த்தியும் உள்ள ஒரு புள்ளிக்கு 20 மதிப்பு கிடைக்கும். மாமாவின் 70 இப்படிச் சில புள்ளிகளின் கூட்டுத்தொகைதான்.

ஆக, அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: இந்த மனிதரின் குழாய்ச் சுவரில் படிவு உண்டு, அதில் கல்லாகிப்போன பங்கு இவ்வளவு. குழாய் குறுகியிருக்கிறதா, எங்கே, எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 600 ஸ்கோர் உள்ளவருக்கு ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அடைப்பு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த 600-ஐ லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கோர் கூடக் கூட வருங்காலத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல ஆயிரம் பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து உறுதிசெய்த விஷயம். 100-க்கு மேல் என்றால் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை பற்றிப் பேச வேண்டும், 400-க்கு மேல் என்றால் தீவிரமாகப் பேச வேண்டும்.

பூஜ்யம் வந்தால்? இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அறிகுறி எதுவும் இல்லாத, 50 வயதைத் தாண்டிய ஒருவருக்கு 0 வந்தால் அது உண்மையிலேயே நல்ல செய்தி. அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கால்சியம் என்பது படிவின் ஒரு பகுதி மட்டும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மீதி மென்மையான கொழுப்பும் நாரும். மருந்து ஏற்றாத ஸ்கேனில் அது தெரியாது. இளவயதில் படிவு தொடங்கும்போது அது மென்மையாகத்தான் இருக்கும், கல்லாவதற்கு வருடங்கள் ஆகும்.

என்னோடு படித்த நண்பனின் அண்ணன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். 41 வயது, பல வருடமாகப் புகைப்பவர். லீவில் வந்தவருக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஒரு அழுத்தம், நின்றால் போய்விடும். கால்சியம் ஸ்கோர் எடுத்தார், 0 வந்தது. "வாயுதான்" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். அவருடைய மருத்துவர் மட்டும் நிம்மதியாகவில்லை. மருந்து ஏற்றி எடுக்கச் சொன்னார். முன்பக்கத்து முக்கியக் குழாயில், துளி கால்சியமும் இல்லாத மென்மையான படிவு பாதிக்கு மேல் அடைத்திருந்தது. முதல் ஸ்கேன் தப்பில்லை. கால்சியம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று சரியாகவே சொன்னது. அவருக்குக் கேட்க வேண்டியிருந்த கேள்விதான் வேறு.

இது ஏதோ தனி ஆளின் கதை என்று விட்டுவிட முடியாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்குக் கிட்டத்தட்ட 59. ஏறக்குறைய ஆறு வருடம் முன்னால். இன்னொரு விஷயமும் உண்டு. "உங்கள் வயது ஆண்களில் நீங்கள் இத்தனையாவது சதவீதத்தில் இருக்கிறீர்கள்" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வரும். அந்த ஒப்பீட்டுக்கு அதிகம் பயன்படும் அட்டவணை அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய மெசா என்ற ஆய்விலிருந்து வந்தது. அதில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர் இருந்தார்கள். இந்தியர்கள் ஒரு குழுவாக இல்லை. தெற்காசியர்களுக்காக மசாலா என்ற பெயரில் தனி ஆய்வே பின்னால் தொடங்க வேண்டியிருந்தது. அதனால் 40 வயதுக்காரர் ஒருவர் அந்தச் சதவீத வரியை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

அப்புறம், சிடி ஆஞ்சியோ. இதன் நம்பகத்தன்மையைப் புரிந்துகொள்ள, இயந்திரம் என்ன பாடுபடுகிறது என்று தெரிய வேண்டும். இதயக் குழாய்கள் தொடங்கும் இடத்திலேயே நாலைந்து மில்லிமீட்டர் அகலம்தான், போகப் போக இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். சிடியால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய அளவு அரை மில்லிமீட்டர் அளவில். அதுவும் அசையாத பொருளை அல்ல, துடிக்கும் இதயத்தைப் படம் எடுக்கிறது. அதனால்தான் நாடித்துடிப்பை 60 பக்கம் கொண்டுவர மாத்திரை தருகிறார்கள், அன்று காலை காப்பியும் டீயும் வேண்டாம் என்கிறார்கள், குழாய் விரிய நாக்கின் கீழே ஒரு மாத்திரையோ ஸ்ப்ரேயோ கொடுக்கிறார்கள். துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்கும், மூச்சை அடக்க முடியாதவருக்கும் படம் மங்கும். படம் மங்கினால் ரிப்போர்ட்டும் மங்கும். நல்ல ரிப்போர்ட்டில் படத்தின் தரம் எப்படி என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

சரி, எவ்வளவு நம்பலாம்? 2008-ல் வந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கும். இரண்டிலும் 64 வரிசை சிடி, அதாவது கதிரை வாங்கிப் படமாக்கும் உணரிகள் 64 வரிசையாக உள்ள இயந்திரம். இரண்டிலும் அதே ஆட்களுக்குக் குழாய் செலுத்தி எடுக்கும் வழக்கமான ஆஞ்சியோவும் செய்து ஒப்பிட்டார்கள். அக்யூரசி என்ற ஆய்வில், 50 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவர்களில் 95 சதவீதம் பேரை சிடி கண்டுபிடித்தது. அடைப்பு இல்லாதவர்களில் 83 சதவீதம் பேரைச் சரியாக விடுவித்தது. கோர்-64 என்ற ஆய்வில் இதே எண்கள் 85, 90.

ஆய்வின் எண்ணை நம் ஆட்களாக மாற்றிப் பார்ப்போம். திங்கள்நகரில் நெஞ்சு வலியோடு வந்த 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆய்வில் இருந்தது போல அவர்களில் 25 பேருக்கு உண்மையில் அடைப்பு. சிடி 24 பேரைப் பிடித்துவிடும், ஒருவரைத் தவறவிடும். அடைப்பு இல்லாத 75 பேரில் 62 பேரை விடுவிக்கும், 13 பேரை வீணாகப் பயமுறுத்தும். இப்போது ரிப்போர்ட் வாங்கியவர் இடத்தில் நின்று பாருங்கள். "அடைப்பு இல்லை" என்று கேட்ட 63 பேரில் 62 பேருக்கு அது உண்மை. "அடைப்பு இருக்கிறது" என்று கேட்ட 37 பேரில் 24 பேருக்குத்தான் உண்மை. மூன்றில் ஒருவருக்கு மேல் பொய்யான பயம்.

இரண்டாவது ஆய்வுக்கு வந்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு அடைப்பு இருந்தது. அப்படி 100 பேர் கொண்ட ஒரு கூட்டத்தில் சிடி 48 பேரைப் பிடிக்கும், 8 பேரைத் தவறவிடும். இல்லாத 44 பேரில் 40 பேரை விடுவிக்கும். இப்போது "இல்லை" என்று கேட்ட 48 பேரில் 8 பேருக்கு அது தப்பு. ஆறில் ஒருவர். அதே வரிசை இயந்திரம், ஆனால் "இல்லை" என்ற சொல்லின் மதிப்பு அடியோடு மாறிவிட்டது. எண்கள் வேறுபட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் பெரிய காரணம் யார் வந்து படுத்தார்கள் என்பதுதான். அதனால் "சிடி எவ்வளவு துல்லியம்" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. சந்தேகம் குறைவாகவோ நடுத்தரமாகவோ உள்ளவருக்கு அடைப்பு இல்லை என்று உறுதிசெய்ய இதைவிட நல்ல எளிய பரிசோதனை கிடையாது. பிரிட்டன் 2016-ல் புதிய நெஞ்சு வலிக்கு சிடி ஆஞ்சியோவை முதல் பரிசோதனையாகப் பரிந்துரைத்ததும் இந்தப் பலத்தால்தான். நாலு எட்டு நடந்தாலே நெஞ்சு இறுகுகிற, பல வருடச் சர்க்கரை நோயும் உள்ள 65 வயதுக்காரருக்கு சிடி "இல்லை" என்றாலும் மருத்துவர் விடமாட்டார். விடவும் கூடாது.

வீணான பயத்துக்கு முக்கியக் காரணம் கால்சியமேதான். மழை மூட்டமான ராத்திரியில் முட்டம் கலங்கரை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். விளக்கைவிட வெளிச்ச வட்டம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்! சிடியில் கால்சியமும் அப்படித்தான் பூரித்துத் தெரியும். இரண்டு மில்லிமீட்டர் குழாயில் ஒரு மில்லிமீட்டர் கல், குழாயையே மூடியது போலக் காட்டும். ஸ்டென்ட் வைத்த இடமும் அப்படியே, மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவான ஸ்டென்ட் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வது கஷ்டம். இதனால்தான் ஸ்கோர் மிக அதிகமாக உள்ளவர்களுக்குப் பல இடங்களில் சிடி ஆஞ்சியோவைத் தவிர்த்து வேறு வழி பார்க்கிறார்கள். பைபாஸ் செய்த குழாய்கள் மட்டும் பெரியவை, அசைவு குறைந்தவை என்பதால் நன்றாகத் தெரியும்.

இதுவரை வழக்கமான ஆஞ்சியோவை உரைகல்லாக வைத்துப் பேசினேன். ஆனால் அதற்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. அது ரத்தம் ஓடும் வழியின் நிழலை மட்டும் காட்டும், சுவரைக் காட்டாது. நாஞ்சில் நாட்டில் அனந்தனார் கால்வாயின் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீரின் அகலம் தெரியும். கரைக்குள் என்ன அரித்திருக்கிறது, என்ன புடைத்திருக்கிறது என்று தெரியாது. குழாய்ச் சுவரில் படிவு சேரும்போது குழாய் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. படிவு சுமார் 40 சதவீதப் பரப்பை நிரப்பும்வரை உள்வழி குறுகுவதே இல்லை என்று 1987-ல் கிளாகோவ் காட்டினார். அதுவரை நிழற்படம் "நார்மல்" என்றே சொல்லும். சிடி ஆஞ்சியோ சுவரையே பார்க்கிறது. இதுதான் அதன் தனிப் பலம் என்று நான் கருதுகிறேன், அடைப்பின் சதவீதத்தைவிட முக்கியமான பலம்.

ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்து நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வு இதற்குச் சான்று. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஐந்து வருடத்தில் 3.9 சதவீதம் பேருக்கு மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தது. கூடவே சிடி ஆஞ்சியோவும் எடுத்தவர்களில் 2.3 சதவீதம். ஸ்டென்டும் பைபாஸும் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் நடந்தன. வித்தியாசம், படிவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள் சரியான மாத்திரைகளைத் தொடங்கியதில் இருந்தது. அமெரிக்காவில் நடந்த ப்ராமிஸ் என்ற பெரிய ஆய்வில், டிரெட்மில் போன்ற பரிசோதனைகளைவிட சிடி மேல் என்று தெரியவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படம் எடுப்பதால் மட்டும் யாரும் பிழைப்பதில்லை. படத்தைப் பார்த்துச் செய்கிற காரியம்தான் காப்பாற்றுகிறது.

சிடியால் முடியாத ஒன்று உண்டு. மாரடைப்பு பெரும்பாலும் படிவு வெடிப்பதால் வருகிறது. வெடிக்கப்போகிற படிவின் மேல்மூடி 0.065 மில்லிமீட்டருக்கும் மெல்லியது. அரை மில்லிமீட்டர் பார்வை உள்ள இயந்திரத்துக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. அடர்த்தி மிகக் குறைந்த கொழுப்பு, வெளிப்புறமாகப் புடைத்த சுவர், சிதறிய கால்சியம் போன்ற அபாயக் குறிகளை எழுதுவார்கள். ஆனால் எது, எப்போது வெடிக்கும் என்று யாராலும் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே திடீரென நெஞ்சு வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் இறுக்கம் என்றால் "போன மாசம்தான் ஸ்கேன் எடுத்தேன், நல்லா இருந்துச்சு" என்று வீட்டில் உட்காரக் கூடாது. ஸ்கேன் சென்டருக்கும் போகக் கூடாது. 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஈசிஜி எடுங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்ததும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, பிறகுதான் ஆசாரிப்பள்ளம் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மலையோரத்தில் இருந்து வரும் ஒருவருக்கு அந்த நேரம் உயிரின் விலை.

கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: "சிப்பியும் இறாலும் எனக்கு ஒத்துக்காது, அந்த மருந்தை ஏத்தலாமா?" மருந்தில் அயோடின் இருப்பதால் வந்த பயம் இது. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள ஒரு புரதம், அயோடின் இல்லை. எந்த ஒவ்வாமையையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஆனால் இறாலுக்காக ஸ்கேனை விட வேண்டியதில்லை. முன்பு இதே ஊசி மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால் அது வேறு விஷயம். அதை விட முக்கியமாகச் சிறுநீரகம் எப்படி என்று ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

கதிர்வீச்சு பற்றி மணவாளக்குறிச்சிக்காரரிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்குள்ள மணலின் மோனசைட்டில் தோரியம் இருப்பதும், இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல் என்பதும், அதைச் சுற்றிய கவலைகளும் அவர்கள் வாழ்க்கையின் பகுதி. உலகில் ஒருவர் இயற்கையில் இருந்து பெறுவது வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). கால்சியம் ஸ்கேனுக்குச் சுமார் 1. சிடி ஆஞ்சியோவுக்கு இன்றைய நல்ல இயந்திரங்களில் 5-க்குள் முடிக்கலாம், பழைய முறையில் 10-ஐத் தாண்டும். தேவையான ஒரு ஸ்கேனுக்குப் பயப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் அறிகுறியே இல்லாதவர் வருடா வருடம் பேக்கேஜில் சேர்த்து எடுத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாமாவுக்கு வருகிறேன். மறுநாள் அவரை ஒரு இதய மருத்துவரிடம் கூட்டிப்போனோம். நெஞ்சு வலி இல்லை, நன்றாக நடக்கிறார், அதனால் ஆஞ்சியோ வேண்டாம் என்றார். ரத்த அழுத்தம் கூடுதல், கெட்ட கொழுப்பு கூடுதல் என்பதால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். இந்த வருடம் மாமா மறுபடி ஸ்கேன் எடுக்கத் துடித்தார், ஸ்கோர் 70-ல் இருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க. இறங்காது என்று நான் சொன்னதும் முகம் வாடிவிட்டது. ஸ்டாட்டின் மென்மையான படிவைச் சுருக்கிக் கெட்டியாக்குகிறது. கெட்டியானால் கால்சியம் கூடும், ஸ்கோரும் ஏறலாம். ஏறிய எண்ணைப் பார்த்து "மாத்திரை வேலை செய்யல" என்று நிறுத்திவிடுவாரோ என்பதுதான் எனக்குப் பயம். ரத்தத்தில் கொழுப்பு மட்டும் பார்ப்போம் என்று பேசிச் சம்மதிக்க வைத்தோம். கெட்ட கொழுப்பு 148-ல் இருந்து 71-க்கு வந்திருந்தது. அந்த 71 எதைக் குறிக்கிறது என்று இந்த முறை அவரே அத்தைக்கு விளக்கிச் சொன்னார்.